இல்லாதவரின் ஆசனம்

பாடசாலை அதிபரின் மேசையில் ஆசிரியர் வரவுப் பதிவேடு என்று ஒரு பெரிய கொப்பி இருக்கும். காலையில் வந்தவர்கள் நேரத்தை எழுதிக் கையெழுத்து வைப்போம். நேரம் தப்பியதும் அதிபர் ஒரு சிவப்புக் கோடு போடுவார். பிந்தி வருபவரின் இடம் அந்தக் கோட்டுக்குக் கீழே. வராதவருடைய பெயருக்கு நேரே வெறுமையாக விட முடியாது, எதையாவது எழுதியாக வேண்டும். சுகயீனம், அமைய லீவு, பிரசவ லீவு என்று காரணங்கள் பல. பரீட்சை விடைத்தாள் திருத்தப் போனவருக்கு மட்டும் ‘கடமை லீவு’ என்று எழுதப்படும். அன்று அவர் பாடசாலைக்கு வரவில்லை என்பது உண்மைதான். ஆனாலும் அவருடைய லீவுக் கணக்கில் யாரும் கை வைப்பதில்லை. வராதவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி வராதவர்கள் அல்லர் என்ற நியாயம் ஒரு சாதாரணக் கொப்பிக்குக் கூடத் தெரிந்திருக்கிறது.

இந்த நியாயம் உள்ளூராட்சி மன்றங்களுக்கும் உண்டா என்று அண்மைக் காலமாகத் தேடி வாசித்து வருகிறேன். கூட்டங்களுக்குத் தொடர்ந்து வராத உறுப்பினர் தன் ஆசனத்தை இழப்பார் என்ற விதி பல நாடுகளில் இருக்கிறது. இங்கிலாந்தின் 1972ஆம் ஆண்டு உள்ளூராட்சிச் சட்டத்தின் 85ஆம் பிரிவு, மன்றத்தின் அனுமதியின்றி ஆறு மாதம் கூட்டங்களுக்கு வராதவர் உறுப்பினர் அல்லாதவராகிவிடுவார் என்கிறது. அதே பிரிவிலேயே ஒரு விலக்கும் இருக்கிறது. போர்க் காலத்திலோ அவசர நிலையிலோ படைச் சேவையில் இருந்ததால் வர முடியாமற் போனவர், அந்தக் காரணத்தால் மாத்திரம் ஆசனத்தை இழக்கமாட்டார். எங்கள் பதிவேட்டின் கடமை லீவைச் சட்டப் புத்தகத்தில் கண்டதுபோல் இருந்தது எனக்கு.

ஆனால் இங்கிலாந்துச் சட்டம் ஆசனத்தைத்தான் காப்பாற்றுகிறது, அதில் இருப்பவரின் குரலை அல்ல. உறுப்பினர் போர்முனையில் இருக்கும் வரை அவருடைய வட்டாரத்துக்காகப் பேச ஓர் ஆசனம் குறைவு. நாற்காலி பத்திரமாக இருக்கும், அந்த வட்டாரத்துத் தெருவிளக்கு எரியாமலும் இருக்கும். கொரோனாக் காலத்தில் அங்கே மன்றங்கள் இணையவழியில் கூடுவதற்குத் தற்காலிக அனுமதி கிடைத்தது. 2020 ஏப்ரலில் வந்த அந்த ஏற்பாடு 2021 மே 7ஆம் திகதியுடன் முடிந்தது. அதைத் தொடர முடியுமா என்று நீதிமன்றத்தில் கேட்டபோது, 1972ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லும் கூட்டம் என்பது ஆட்கள் ஓரிடத்தில் நேரில் கூடுவதுதான் என்று 2021 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது.

அமெரிக்காவில் வேறு வழிக்குப் போனார்கள். அங்கே தேசியக் காவற்படையிலும் ஒதுக்குப் படைகளிலும் இருப்பவர்கள் மற்ற நாட்களில் கடைக்காரராகவும் ஆசிரியராகவும் வேலை செய்கிறவர்கள். தம் ஊர் மன்றத்தில் உறுப்பினராகவும் இருப்பார்கள். அழைப்பு வந்தால் மாதக்கணக்கில் போய்விட வேண்டும். இண்டியானா மாநிலம் 2021இல் கொண்டுவந்த சட்டம் உறுப்பினர்கள் இணையவழியில் கூட்டத்தில் கலந்துகொள்ள இடம் கொடுத்தது. ஒரு வருடத்துக் கூட்டங்களில் பாதிக்கு மேல் அப்படிக் கலந்துகொள்ள முடியாது. இராணுவ சேவை, நோய், உறவினரின் மரணம், அவசர நிலை ஆகியவற்றால் வர முடியாதவருக்கு மட்டும் அந்த வரம்பு இல்லை. தூரத்திலிருந்து வாக்களிப்பவரைப் பொதுமக்கள் பார்க்கவும் கேட்கவும் முடிய வேண்டும். பெயர் கூப்பிட்டுத்தான் வாக்கெடுக்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிப் பேராவது மண்டபத்தில் நேரில் இருக்க வேண்டும். வரவுசெலவுத் திட்டத்தை நிறைவேற்றுவது, வரியைக் கூட்டுவது போன்ற முடிவுகளில் தூரத்திலிருப்பவர் பங்குகொள்ள முடியாது. இலினொய் மாநிலமும் பின்னர், தொலைவிலிருந்து கலந்துகொள்வதற்கான காரணங்களில் ஒன்றாக இராணுவக் கடமையைச் சேர்த்துக்கொண்டது.

இவற்றையெல்லாம் சோனகதெருவில் இருந்துகொண்டு வாசிக்கிறபோது மனம் ஒரு மாதிரியாகிறது. இராணுவக் கடமையில் இருக்கும் மன்ற உறுப்பினர் என்றொரு ஆளை யாழ்ப்பாணத்தில் கற்பனை செய்வதே கஷ்டம். எங்கள் நாட்டில் நிரந்தரப் படையில் இருப்பவர் பாராளுமன்றத்துக்குத் தெரிவாக முடியாது என்று அரசியலமைப்பின் 91ஆம் உறுப்புரை சொல்கிறது. யுத்தம் எங்கள் மன்றங்களிலிருந்து ஆட்களை எடுத்தது. ஆனால் சீருடை கொடுத்துக் கூட்டிப் போகவில்லை.

யாழ்ப்பாணம் 1949இல் மாநகரசபையானது. 1950களில் எம். எம். சுல்தான் என்ற முஸ்லிம் அதன் மேயராக இருந்தார். வாப்பா அதை அடிக்கடி சொல்வார், ஏதோ தானே மேயராக இருந்ததுபோல. மேயர் அல்பிரட் துரையப்பா 1975 ஜூலை 27இல் பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயிலடியில் சுட்டுக் கொல்லப்பட்டார். நீண்ட இடைவெளிக்குப் பின் 1998 ஜனவரியில் மீண்டும் தேர்தல் நடந்து சரோஜினி யோகேஸ்வரன் மேயரானார். அந்த வருடம் மே 17ஆம் திகதி அவருடைய வீட்டிலேயே கொல்லப்பட்டார். அடுத்து வந்த பொன்னுத்துரை சிவபாலன் அதே வருடம் செப்டெம்பர் 11இல், மாநகரசபைக் கட்டடத்தில் கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது வெடித்த குண்டுக்குப் பலியானார். அவரோடு இருந்த இராணுவ, பொலிஸ் உயர் அதிகாரிகளும் மாண்டார்கள். கூட்டத்துக்கு நேரில் வருவது ஜனநாயகத்தின் அடையாளம் என்று புத்தகங்கள் சொல்கின்றன. இந்த ஊரில் அந்த வருகைக்கு உயிரை விலையாகக் கொடுத்த காலம் ஒன்று இருந்தது.

மற்றொரு வகை இல்லாமையும் இருக்கிறது. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை ஒலிபெருக்கியில் அழைத்து ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்தில் கூட்டினார்கள். வடக்கிலிருந்து அந்த நாட்களில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் ஏறக்குறைய எழுபத்தையாயிரம் பேர். யாழ்ப்பாணத்தில் எங்களுக்குத் தந்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். அப்போது எனக்குப் பத்து வயது. அந்தப் பகலைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள், என்னைவிட நன்றாகவும் எழுதியிருக்கிறார்கள். எனக்கு நினைவில் நிற்பது ஒரு சின்ன விடயம். உம்மா வீட்டைப் பூட்டித் திறப்பைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுக்கவா, கொண்டுபோகவா என்று வாப்பாவைக் கேட்டுக்கொண்டு நின்றா. எவ்வளவு காலத்துக்குப் போகிறோம் என்று தெரிந்தால்தானே அதற்குப் பதில் சொல்லலாம்.

சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995ஆம் ஆண்டு அதே ஒக்டோபர் 30இல், வலிகாமத்துத் தமிழ் மக்கள் ஒரே இரவில் தென்மராட்சியை நோக்கி நடந்தார்கள். அதற்கு முன்னரே, 1990இலிருந்து, பலாலி, மயிலிட்டி, காங்கேசன்துறைப் பக்கத்து மக்கள் தங்கள் கிராமங்களுக்கு வெளியே இருந்தார்கள். இன்று நான் படிப்பிக்கிற பாடசாலை வலிகாமத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறது. என் வகுப்பில் மயிலிட்டிப் பிள்ளைகளும் படித்திருக்கிறார்கள். தங்கள் சொந்த ஊரைப் பெற்றோரின் கதையாகவே கேட்டு வளர்ந்தவர்கள். நானும் புத்தளத்தில் அப்படித்தான் யாழ்ப்பாணத்தைக் கேட்டு வளர்ந்தேன். அந்தப் பிள்ளைகளுக்கும் எனக்கும் இடையில் சொல்லாமலே விளங்கிக்கொள்ளும் ஒரு பாஷை இருந்தது.

2011 ஜூலையில் வலிகாமம் வடக்குப் பிரதேசசபைக்குத் தேர்தல் நடந்தது. உறுப்பினர்கள் தெரிவானார்கள், கூட்டங்களும் நடந்தன. ஆனால் சபையின் எல்லைக்குள் பெரும் பகுதி உயர் பாதுகாப்பு வலயமாக இருந்தது. மயிலிட்டித் துறைமுகப் பகுதி விடுவிக்கப்பட்டது 2017 ஜூலையில்தான். இங்கிலாந்துச் சட்டம் யோசித்தது இராணுவக் கடமைக்காக உறுப்பினர் ஊரைவிட்டுப் போவதை. இங்கே இராணுவம் ஊருக்குள் இருந்தது, ஊர் மக்கள் முகாம்களில் இருந்தார்கள், அவர்களுடைய சபை உறுப்பினர் முட்கம்பி வேலிக்கு வெளியே நின்று தன் பிரதேசத்தைப் பார்த்தார். கூட்டத்துக்கு வந்தவர் என்று அவருடைய பெயர் பதியப்பட்டிருக்கும். யார் எங்கே இல்லாமற் போனார் என்று எந்தப் பதிவேட்டில் எழுதுவது?

யாழ்ப்பாண மாநகரசபைக்கு 2009 ஓகஸ்ட் 8ஆம் திகதி தேர்தல் வந்தபோது நான் புத்தளத்தில் இருந்தேன். இடம்பெயர்ந்தவர்களுக்கென்று அங்கேயே வாக்களிப்பு நிலையம் வைத்தார்கள். புத்தளத்து வெயிலில் வரிசையில் நின்று யாழ்ப்பாணத்துக்கு வாக்களித்தேன். ஏ-9 பாதை 2006 ஓகஸ்டில் மூடப்பட்டு, அந்த வருடம்தான் மெல்லத் திறக்கத் தொடங்கியிருந்தது. முழுத் தேர்தலிலும் வாக்களித்தவர்கள் நூற்றுக்கு இருபத்திரண்டு பேரளவில்தான். என் விரலில் பூசிய மை யாழ்ப்பாணத்துக்கானது என்று நினைக்கச் சந்தோஷமாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. என் வாக்கு இருநூற்றைம்பது கிலோமீற்றர் பயணம் போகலாம், நான் போக இன்னும் நாள் வரவில்லை.

அந்தத் தேர்தல் ஒரு விடயத்தை நிரூபித்தது. அரசு மனம் வைத்தால் தூரத்தில் இருப்பவரையும் ஊரவராகக் கணக்கெடுக்க முடியும். பிறகும் இரண்டு தடவை சட்டம் அப்படிச் செய்தது. 2013ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் இடம்பெயர்ந்தவர்கள் தங்கள் பழைய வதிவிடத்து வாக்காளர் இடாப்பில் பதிய வழி செய்தது. 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் காணி உரிமை பற்றியது. ஒருவரின் காணியில் இன்னொருவர் பத்து வருடம் தடையின்றி இருந்துவிட்டால் ஆட்சியுரிமை கோரலாம் என்பது பழைய விதி. ஆயுதக் குழுவின் செயல்களால் தன் உரிமையைக் கேட்டு வழக்காட முடியாமற் போனவருக்கு எதிராக, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று இந்தச் சட்டம் சொன்னது. நீ வராததை நீ விட்டுவிட்டுப் போனதாக எடுக்கமாட்டோம் என்பதுதான் இதன் கருத்து. கடமை லீவு என்று ஒரு சொல்லில் எழுதுவதை அங்கே பல பக்கங்களில் எழுதியிருக்கிறார்கள்.

ஆனால் அன்றாட வாழ்க்கையில் நடப்பது வேறு. மீள்குடியேற வந்தவர்களில் பலருக்கு இந்த அனுபவம் இருக்கும். எனக்கும் இருக்கிறது. வீட்டுத் திட்டத்துக்கு ஓர் அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்தோம். நீங்கள் இங்கே நிரந்தரமாக இல்லையே என்றார்கள். வீடு இல்லாததால்தானே இருக்க முடியவில்லை என்றோம். இருந்தால்தான் வீடு தர முடியும் என்றார்கள். கூரையில்லாத வீட்டுக்குள் பிள்ளைகளோடு எப்படி இருப்பது என்று உம்மா கேட்டதற்குப் பதில் இல்லை. இப்படி அலைந்து களைத்துப் புத்தளத்துக்கே திரும்பிப் போன குடும்பங்களை எனக்குத் தெரியும். வராமலிருந்தவர்கள் என்ற காரணம் முதலில் வீட்டை மறுக்கிறது, பிறகு அந்த வீடில்லாமை மறுபடியும் வராமலிருக்கச் செய்கிறது.

இந்தக் குடும்பங்களின் காரியங்கள் மாநகரசபையில்தான் பேசப்பட வேண்டும். சோனகதெருவின் கான், பொம்மைவெளியில் மாரிக்கு நிற்கும் வெள்ளம், ஒழுங்கைகளின் விளக்கு, இடிந்த வீடுகளின் சோலைவரி எல்லாம் அங்கேதான் வருகின்றன. அவற்றுக்காகப் பேச வேண்டியவரும் இன்னும் பாதி புத்தளத்திலும் பாதி யாழ்ப்பாணத்திலுமாக வாழ்கிறவராக இருந்தால் என்ன செய்வது? பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள், தொழில் அங்கே இருக்கிறது, காணி இங்கே இருக்கிறது. அப்படிப்பட்டவர் ஒரு மாதக் கூட்டத்துக்குத் தொலைபேசித் திரையில் வந்தால் குற்றமா?

இதை எங்கள் தெருவில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் நானா ஒருவரிடம் கேட்டேன். 2010இல் தனியாக வந்து, தறப்பாளுக்குக் கீழே இரண்டு மாரி காலம் இருந்து, பிறகு கடையைக் கட்டியவர்.

“மாஸ்டர், நீங்க படிச்ச ஆள், கோவிக்கப்படாது. புத்தளத்தில இருந்துகொண்டு ஃபோனில கதைக்கிறவருக்கு இந்தக் கான் நாறுறது தெரியுமா?”

“தெரியாது நானா. ஆனா இங்க இருக்கிறவருக்கு மூக்கு இருந்தும் நாறாமத்தானே கிடக்கு?”

அவர் சிரித்துக்கொண்டு தேத்தண்ணியை ஆற்றினார். என்றாலும் அவர் சொன்னதில் உள்ள உண்மையை நான் தள்ளிவிடவில்லை. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது நாங்களும் வட்ஸ்அப்பிலும் சூமிலும் வகுப்பெடுத்தோம். ஆசிரிய கலாசாலையில் இதைப் பற்றி ஒரு பாடமும் எங்களுக்கு நடக்கவில்லை. திரையில் வந்தவை பெரும்பாலும் வீட்டு முகடும் காற்றாடியும்தான். குரல் வந்தது, பிள்ளை வந்ததா என்று தெரியவில்லை. வகுப்பில் ஒரு பிள்ளை சாப்பிடாமல் வந்திருக்கிறது என்பதை முகத்தைப் பார்த்தவுடன் அறிவேன், திரையில் அது தெரியாது. அதே நேரத்தில், தாயோடு வன்னிக்குப் போய் அங்கே அகப்பட்டுக்கொண்ட பிள்ளை ஒன்று ஒரு பாடமும் தவறாமல் சேர்ந்து, திரும்பி வந்தபோது மற்றப் பிள்ளைகளோடு ஒரே பக்கத்தில் நின்றது. வர முடிந்தவர்களுக்கு அது குறைந்த வழி. வர முடியாத பிள்ளைக்கு அது ஒன்றுதான் வழி.

இன்னொரு பயமும் எனக்கு இருக்கிறது. இந்த மண்ணில் வளர்ந்த யாருக்கும் அது வரும். தூரத்தில் இருந்து பேசுபவரின் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று கமராவுக்குத் தெரியாது. படை முகாமிலிருந்து ஓர் உறுப்பினர் வாக்களித்தால் மேலதிகாரி அறைக்குள் இருக்கிறாரா என்று எப்படி அறிவது? முகாம் என்றில்லை, கட்சிக் காரியாலயத்திலும் முதலாளியின் வீட்டிலும் இதே கதைதான். துப்பாக்கி நீட்டிய கையைப் படத்தின் விளிம்புக்கு வெளியே வைத்துக்கொள்ளலாம். ஆதலால் பார்க்கவும் கேட்கவும் முடிய வேண்டும், பெயர் சொல்லி வாக்கெடுக்க வேண்டும், வரியும் வரவுசெலவும் நேரில் இருப்பவர்களால் முடிவாக வேண்டும் என்ற இண்டியானாவின் நிபந்தனைகள் எனக்கு அர்த்தமுள்ளவையாகப் படுகின்றன. பாதிப் பேர் மண்டபத்தில் இருந்தாக வேண்டும் என்பதும் அப்படியே. அந்தப் பாதிப் பேரின் மூக்குக்கு நானாவின் கான் எட்டாமற் போகாது.

எங்கள் மன்றங்கள் 2023 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்து, தேர்தல் தள்ளிப்போய், இரண்டு வருடத்துக்கு மேல் உறுப்பினர்கள் இல்லாமல் இருந்தன. தேர்தலைத் தள்ளிப்போட்டது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் தீர்ப்பளித்தது. 2025 மே 6இல் தேர்தல் நடந்தது. மக்கள் பிரதிநிதி ஒருவரும் இல்லாத மண்டபத்தில் நகரத்தின் காரியங்கள் இரண்டு வருடம் ஓடியிருக்கின்றன. அதைப் பொறுத்துக்கொண்ட நாங்கள், புத்தளத்திலிருந்து ஒரு குரல் திரையில் வருவதைக் கண்டு ஜனநாயகம் கெட்டுவிடும் என்று பயப்படத் தேவையில்லை.

உள்ளூராட்சிச் சட்டங்களைத் திருத்துகிறவர்களிடம் கேட்பதற்கு எனக்கு இரண்டு விடயங்கள்தான் இருக்கின்றன. ஒன்று, யுத்தமோ இடப்பெயர்வோ நோயோ அரச கடமையோ ஒருவரைக் கூட்டத்துக்கு வர விடாமற் செய்தால் அதை வராமை என்று எழுதக் கூடாது. இரண்டு, அப்படிப்பட்டவர் காரணத்தைப் பகிரங்கமாகச் சொல்லி, எல்லோரும் பார்க்கும்படி, மட்டான தடவைகள் தூரத்திலிருந்து பேச இடம் கொடுக்க வேண்டும். இது சோனகதெருவுக்கு மட்டும் கேட்பதல்ல. நாளை மயிலிட்டிப் பிள்ளை ஒன்றுக்கும் தேவைப்படலாம், வெள்ளத்தில் அகப்பட்ட மட்டக்களப்பு உறுப்பினருக்கும் தேவைப்படலாம். திரும்பி வருவதற்கு இது பதிலீடு ஆகாது. வீடு கட்டக் காசும், காணிக்கு உறுதியும், பிள்ளைகளுக்குப் பாடசாலையும் கொடுக்காமல் ஒரு திரையைக் கொடுத்துச் சமாளிக்கப் பார்த்தால் அதற்கு நானே எதிராக நிற்பேன்.

அவகாசம் அதிகம் இல்லை. 1990இல் நாற்பது வயதில் யாழ்ப்பாணத்தை விட்டுப் போனவருக்கு இப்போது எழுபத்தைந்து தாண்டிவிட்டது. எந்தக் கான் எந்த ஒழுங்கையால் எந்தப் பக்கம் ஓடியது, எந்த வளவு யாருடையது, எந்தக் கிணற்றில் நல்ல தண்ணீர் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். வாப்பா மௌத்தாகி ஆறு வருடமாகிறது. அவரிடம் கேட்டிருந்தால் எங்கள் தெருவின் பழைய படத்தையே வரைந்து தந்திருப்பார். அவரோடு ஒத்தவர்கள் புத்தளத்தில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். காது கேட்கிறது, பேச்சும் தெளிவாக இருக்கிறது, பஸ்ஸில் எட்டு மணித்தியாலம் இருக்கத்தான் உடம்பு இடங்கொடுக்காது.